விண்வெளியில் கணினிக்கு வியர்க்குமா?

அமெரிக்காவின் ஸ்டார்கிளவுட் நிறுவனம் 2025 நவம்பர் 2-ஆம் தேதி ஒரு சிறு செயற்கைக்கோளில் என்விடியாவின் எச்100 என்ற செயற்கை நுண்ணறிவுச் சிப்பை வைத்து மேலே அனுப்பியது. சுமார் 60 கிலோ எடை, சின்ன ஃபிரிட்ஜ் அளவு, அதற்குள் தரையில் டேட்டா சென்டர்கள் என்ற பெரிய கணினிக் கூடங்களில் ஓடும் அதே ரகச் சிப். சென்ற இதழில் இதை நாலே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன், அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பகுதியை நிரப்பிவிட்டன. புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும்தான் அதிகம். எல்லாக் கேள்வியும் சுற்றிச் சுற்றி சூடு, கரண்ட் இரண்டில்தான் வந்து நிற்கிறது. சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள், அதனால் இந்தத் தடவை வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

விண்வெளி மைனஸ் 270 டிகிரி குளிர் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். அப்படிப்பட்ட இடத்தில் கம்ப்யூட்டரைக் குளிர வைப்பது ஒரு பிரச்சினையா? சும்மா வெளியே வைத்தால் போதாதா?
— ஆசிரியை, முத்தியால்பேட்டை

போதாது அம்மா. மைனஸ் 270 என்று நீங்கள் சொல்லிக்கொடுப்பது சரி. ஆனால் குளிர்ந்த இடத்தில் இருப்பதாலேயே ஒரு பொருள் குளிர்ந்துவிடாது, அதன் சூட்டை வாங்கிக்கொண்டு போக ஏதாவது வேண்டும். சாயங்காலம் பீச் ரோட்டில் போய் நின்றால் உடம்பு ஆறுகிறதே, அது கடற்காற்று தோலை உரசிச் சூட்டை வாரிக்கொண்டு போவதால். மேலே உரசக் காற்று இல்லை, தொடத் தண்ணீர் இல்லை, மிதிக்க மண் இல்லை.

நேரு வீதிப் பக்கம் நண்பர் ஒருவர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். அடிக்கடி தானாக அணைந்துபோகிறது என்று யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு பெட்டியை அவர் பிரித்தபோது பக்கத்தில் இருந்தேன். மின்விசிறியைக் கழற்றினார், அதற்குக் கீழே ஹீட் சிங்க், அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் தூசி அடைத்து ஒளி புகாமல் இருந்தது. அதையும் தூக்கினால் சிப்பின் முதுகில் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டிப்போயிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்து அழுத்தி, தூசியை ஊதித் தள்ளி, விசிறியை மாட்டினார், பெட்டி ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. அங்கே நடந்ததைப் பிரித்துப் பாருங்கள். சிப்பிலிருந்து பேஸ்ட் வழியாக உலோகத்துக்குச் சூடு போக வேண்டும், அது முதல் கட்டம். உலோகத்திலிருந்து காற்றுக்குப் போக வேண்டும், அது இரண்டாவது. சூடான காற்று அறையை விட்டு வெளியேற வேண்டும், அது மூன்றாவது. செயற்கைக்கோளில் முதல் கட்டம் அப்படியே வேலை செய்யும். இரண்டாவதும் மூன்றாவதும் அடியோடு கிடையாது, வெற்றிடத்தில் விசிறி சுற்றினால் வெறும் சுற்றல்தான்.

(காற்று இருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள்ளேயே கதை வேறு மாதிரி. சூடான காற்று மேலே போகும் என்பது எடை இருக்கும் இடத்து நியாயம். அங்கே மேலும் இல்லை, கீழும் இல்லை. விசிறியால் தள்ளாவிட்டால் சூடான காற்று பொருளைச் சுற்றி அங்கேயே தேங்கி நிற்கும்.)

அப்படியானால் சூடு எப்படித்தான் வெளியேறும்? ஒரே வழி, கதிர்வீச்சு. அக்னி நட்சத்திர நாளில் இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் வெறுங்காலோடு நில்லுங்கள், காற்று ஆறியிருந்தாலும் தரை சுடும், குனிந்து உள்ளங்கையைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் வைத்தாலே அனல் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாகத் தரை தன் சூட்டை வானத்தைப் பார்த்து விட்டுக்கொண்டிருக்கிறது. செயற்கைக்கோளுக்கு இருப்பது இந்த ஒரே வாசல்தான். அதற்காக உடம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அகலமான தட்டைத்தான் ரேடியேட்டர் என்கிறோம். சிப்பின் சூட்டை அதுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது குழாய்களில் ஓடும் அம்மோனியா மாதிரியான திரவம்.

இந்த வாசல் குறுகலானது. போதாததற்கு எதிர்ப்பக்கம் சூரியன் வேறு. பூமி இருக்கும் தூரத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1361 வாட் வெயில் விழுகிறது, மேகமும் காற்று மண்டலமும் வடிகட்டாத முழு வெயில். பூமியும் தன் பங்குக்கு அனலை அனுப்புகிறது. அதனால்தான் செயற்கைக்கோள் படங்களில் பொன்னிறத் தாள் சுற்றியிருப்பதைப் பார்க்கிறீர்கள், வெளிச்சூடு உள்ளே வராமலும் உள்சூடு கண்ட இடத்தில் கசியாமலும் தடுக்கும் பல அடுக்குப் போர்வை அது. ரேடியேட்டர் முகத்தில் மட்டும் போர்வை இருக்காது. அங்கே வெள்ளைப் பூச்சோ, வெள்ளி பூசிய குவார்ட்ஸ் கண்ணாடித் துண்டுகளோ ஒட்டியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் வெயிலை இவை பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும், கண்ணுக்குத் தெரியாத சூட்டையோ தாராளமாக வெளியே விடும். ஒரே பரப்பு இரண்டு விதமான ஒளியிடம் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது, எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு எச்100 சர்வருக்கு எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வேண்டும்? கணக்குப் போட்டுக் காட்டுங்கள் சார்.
— மாணவர், கடலூர் முதுநகர்

போடலாம் தம்பி, பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு எச்100 சிப்புகள் வைத்த என்விடியாவின் டிஜிஎக்ஸ் எச்100 சர்வர் அதிகபட்சமாக 10.2 கிலோவாட் இழுக்கும். கணினிக்குள் போகும் மின்சாரம் கடைசியில் முழுக்க முழுக்கச் சூடாகத்தான் மாறும், ரேடியோ சிக்னலாக வெளியேறுவது கணக்கில் எடுக்கவே வேண்டாத அளவு. ஆக, 10.2 கிலோவாட் உள்ளே வந்தால் 10.2 கிலோவாட் சூடு வெளியே போயாக வேண்டும்.

உங்கள் பாடத்தில் வரும் ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதிதான் இங்கே வேலை செய்வது. ஒரு பரப்பு வெளியிடும் சூடு, அதன் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். பரப்பின் உமிழ்திறன் (சூட்டைக் கதிராக விடும் திறன், அதிகபட்சம் 1) 0.9 என்று வைத்தால், 27 டிகிரியில் இருக்கும் தட்டு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 413 வாட் விடும். அதே தட்டை 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் சுமார் 627 வாட். முப்பத்துமூன்று டிகிரி ஏற்றியதற்குப் பாதிக்கு மேல் கூடுதல் பலன், நான்காம் அடுக்கு என்றால் அப்படி. ஆகவே 60 டிகிரியில் வைத்தால் 10,200-ஐ 627-ஆல் வகுத்து, ஒரு பக்கக் கணக்கில் சுமார் 16 சதுர மீட்டர். தட்டின் இரண்டு பக்கமும் வெற்று வானத்தைப் பார்க்கும்படி நிறுத்த முடிந்தால் 8 சதுர மீட்டர். பூமியின் அனல், ஓரமாக விழும் வெயில், குழாயிலிருந்து தட்டுக்குப் போவதற்குள் இறங்கும் சில டிகிரி, நாள்பட நாள்பட மங்கும் வெள்ளைப் பூச்சு எல்லாவற்றையும் சேர்த்தால் இதைவிடக் கணிசமாகப் பெரிதாகத்தான் செய்ய வேண்டும். ஆனாலும் ஒரு சர்வருக்கு இது ஒரு சாதாரண அறையின் தரை அளவு, செய்ய முடியாத காரியமில்லை.

அப்படியே இன்னொரு கணக்கையும் போட்டுவிடுங்கள், பெரும்பாலானவர்கள் இதைப் போடுவதில்லை. அந்த 10.2 கிலோவாட் எங்கிருந்து வரும்? சோலார் பேனலில் விழுவது 1361 வாட், விண்வெளிக்கென்று செய்யும் நல்ல செல் அதில் சுமார் 30 சதவீதத்தை மின்சாரமாக்கும், ஏறக்குறைய 408 வாட். வகுத்தால் 25 சதுர மீட்டர். நம் வீட்டுக் கூரையில் வைப்பது மாதிரி 20 சதவீத சிலிக்கான் பேனல் என்றால் 37 சதுர மீட்டருக்கு மேல். பார்த்தீர்களா, குளிர வைக்கும் தட்டைவிட மின்சாரம் தரும் தட்டு பெரிது! விண்வெளி டேட்டா சென்டர் என்றதும் 'அங்கே குளிர வைக்கவே முடியாது' என்று ஒரு கூட்டமும், 'அங்கேதான் இலவசக் குளிர் இருக்கிறதே' என்று இன்னொரு கூட்டமும் சண்டை போடுகிறது. இரண்டுமே தவறு. முடியும், ஆனால் இலவசமாக இல்லை. ஒவ்வொரு வாட்டுக்கும் இரண்டு தடவை பரப்பளவு கொடுக்க வேண்டும், உள்ளே கொண்டுவர ஒரு தடவை, வெளியே தள்ள ஒரு தடவை. பரப்பு என்றால் எடை, எடை என்றால் ராக்கெட் கட்டணம். இந்தத் துறையின் மொத்தப் பிரச்சினையும் இந்த ஒரு கோட்டில் அடங்கிவிடும்.

ரேடியேட்டரை இன்னும் சூடாக வைத்தால் இன்னும் சிறிதாக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் சூடு தானாக உயரத்திலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும், ரேடியேட்டர் சிப்பைவிடக் குறைந்த வெப்பநிலையில் இருந்தாக வேண்டும். சிப்போ நூறு டிகிரியை நெருங்குவதற்குள்ளேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏசி மாதிரி கம்ப்ரசர் வைத்து வலுக்கட்டாயமாகச் சூட்டை மேலே ஏற்றினால் ரேடியேட்டர் சுருங்கும், கம்ப்ரசர் குடிக்கும் கரண்டுக்காக சோலார் பேனல் வீங்கும், அந்தக் கரண்டும் கடைசியில் சூடாகி அதே ரேடியேட்டருக்குத்தான் வரும். எங்கே நிறுத்துவது லாபம் என்று கண்டுபிடிப்பது நல்ல ப்ராஜெக்ட் தலைப்பு, எடுத்துக்கொள்ளுங்கள்.

நெய்வேலி அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் கூலிங் டவரில் தண்ணீரை ஆவியாக்கித்தான் சூட்டைத் துரத்துவோம், கோபுரத்துக்கு மேலே புகை மாதிரி தெரிவது அதுதான். விண்வெளியில் அந்த வழி கிடையாதா?
— வாசகர், நெய்வேலி

உண்டு ஐயா, அனுபவஸ்தர் கேட்கும் கேள்வி. தலைப்பில் கேட்டதற்கும் இதுவே பதில்: விண்வெளியில் கருவியை வியர்க்க வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். நிலவில் நடந்த அப்பல்லோ வீரர்களின் முதுகுப்பையில் நுண்துளைகள் கொண்ட ஓர் உலோகத் தகடு இருந்தது. அதற்குள் தண்ணீரை விடுவார்கள், வெற்றிடம் பட்டதும் துளைகளில் பனிக்கட்டியாக உறையும், உடம்புச் சூட்டை வாங்கி அந்தப் பனி நேரடியாக ஆவியாகி வெளியே போய்விடும். இப்போது விண்வெளி நிலையத்தில் நாசா வீரர்கள் போட்டுக்கொள்ளும் நடைபயண உடையிலும் இதே ஏற்பாடுதான்.

சிக்கல் உங்களுக்கே தெரிந்ததுதான், மேக்கப் வாட்டர். நெய்வேலியில் ஆவியாகிப் போன தண்ணீருக்கு ஈடாக வேறு தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கலாம். மேலே போனது போனதுதான். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2.5 மெகாஜூல் சூட்டை எடுத்துப்போகும். மேலே சொன்ன 10 கிலோவாட் சர்வர் ஒரு நாளைக்கு 864 மெகாஜூல் சூடு விடும். ஆக, தினமும் ஏறக்குறைய 350 லிட்டர் தண்ணீர். சில மணி நேரம் வெளியே நடக்கும் மனிதருக்கு இது சரி, வருடக் கணக்கில் ஓட வேண்டிய இயந்திரத்துக்கு ஆகவே ஆகாது. அதனால்தான் மூடிய குழாயில் சுற்றும் திரவமும் ரேடியேட்டரும்.

மேலே இரவு கிடையாது, 24 மணி நேரமும் வெயில் என்கிறார்கள். அப்புறம் பேட்டரி எதற்கு?
— சோலார் பேனல் பொருத்தும் தொழில் செய்பவர், வில்லியனூர்

எந்தச் சுற்றுப்பாதை என்பதைப் பொறுத்தது. விண்வெளி நிலையம் மாதிரி சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் போகும் ஒன்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிடும், அதில் சுமார் 35 நிமிடம் பூமியின் நிழலில். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 15, 16 தடவை இரவு வருகிறது. பேட்டரி வருடத்துக்கு 5500 தடவைக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். உங்கள் வாடிக்கையாளர் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை இப்படி வேலை வாங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாசா சொல்லும் கணக்குப்படி, நிலையம் வெயிலில் இருக்கும்போது பேனல்கள் தரும் மின்சாரத்தில் சுமார் 60 சதவீதம் பேட்டரியை நிரப்பவே போய்விடுகிறது. தரையில் பகல் முழுக்கச் சேர்த்து இரவு முழுக்கச் செலவழிக்கிறோம், அங்கே ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை அந்தக் கணக்கு முடிந்து மறுபடி தொடங்குகிறது.

நீங்கள் கேள்விப்பட்டது இன்னொரு பாதை, விடியல்–அந்திப் பாதை என்று சொல்லலாம். பூமியில் எங்கே காலை ஆறும் மாலை ஆறுமாக இருக்கிறதோ அந்த எல்லைக் கோட்டின் மேலேயே துருவம் தொட்டுச் சுற்றும் பாதை. பகலும் இரவும் பிரியும் கோட்டிலேயே ஓடுவதால் சூரியன் எப்போதும் ஒரு பக்கவாட்டில் நிற்கும். பூமி சூரியனைச் சுற்றும்போது இந்தப் பாதை பின்தங்கிப் போகாதா என்றால், அதற்கும் இயற்கையே வழி வைத்திருக்கிறது. பூமி நடுவில் கொஞ்சம் பருத்திருப்பதால் அதன் ஈர்ப்பு பாதையைத் தினமும் சிறிது சிறிதாகத் திருகும். சாய்வைச் சரியாக, 97, 98 டிகிரிப் பக்கம் தேர்ந்தெடுத்தால் அந்தத் திருகல் நாளுக்கு ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக, சூரியனோடு கூடவே வரும். எரிபொருள் செலவே இல்லை. நம் இஸ்ரோவுக்கு இது பழகிய பாதைதான். மின்சாரத்தை அதிகம் கேட்கும் ரேடார் செயற்கைக்கோள்களை இங்கேதான் வைக்கிறார்கள்: 2012-இல் போன ரிசாட்-1, நாசாவோடு சேர்ந்து 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய நிசார். விண்வெளியில் கணினிகளை ஓட்டிப் பார்க்க கூகுள் 2025 நவம்பரில் அறிவித்த சன்கேட்சர் திட்டமும் இதே பாதையைத்தான் குறிவைக்கிறது, அங்கே ஒரு பேனல் தரையில் இருப்பதைவிட எட்டு மடங்கு வரை விளைச்சல் தரும் என்பது அவர்கள் கணக்கு.

இங்கேயும் வருடத்தில் சில வாரங்கள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நிமிடம் நிழல் விழும், பூமியின் அச்சு சாய்ந்திருப்பதன் விளைவு. ஆகவே பேட்டரியை முழுக்க ஒழிக்க முடியாது, சிறிதாக்கலாம். பெரிய லாபம் வேறொன்று: சூரியன் ஒரே பக்கம் நிற்பதால் பேனலை அதற்கு முகம் காட்டியும் ரேடியேட்டரை அதற்கு ஓரம் காட்டியும் நிரந்தரமாக வைத்துவிடலாம்.

எங்கள் வீட்டு ஏசி வெளி யூனிட் உப்புக்காற்றில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பாழாகிறது, ஆளைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறோம். மேலே கெட்டால் யார் போய்ப் பார்ப்பது?
— இல்லத்தரசி, சில்வர் பீச் சாலை, கடலூர்

இதுதான் என்னையும் அதிகம் கவலைப்பட வைக்கும் கேள்வி அம்மா. பழைய கதை ஒன்று சொல்கிறேன், சூடும் கரண்டும் எப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

1973 மே 14-இல் அமெரிக்கா ஸ்கைலாப் என்ற விண்வெளி நிலையத்தை ஆளில்லாமல் ஏவியது. கிளம்பி ஒரு நிமிடம் தாண்டியதுமே அதன் மேலே போர்த்தியிருந்த காப்புத் தகடு பிய்ந்து போய்விட்டது. விண்கல் தூள்களிலிருந்து காப்பதோடு வெயிலுக்கு நிழல் தருவதும் அந்தத் தகட்டின் வேலை. போனது தனியாகவும் போகவில்லை. இரண்டு பெரிய சோலார் இறக்கைகளில் ஒன்று பிய்ந்துவிட்டது, மற்றொன்று தகட்டின் ஒரு துண்டில் மாட்டி விரியாமல் நின்றுவிட்டது. உள்ளே வெப்பம் 50 டிகிரிக்கு மேல் ஏறியது, சாப்பாடும் மருந்தும் கேமரா ஃபிலிமும் வீணாகும் நிலை. மீதமிருந்த சிறு பேனல்களுக்கு வெயில் வேண்டுமென்று நிலையத்தைச் சூரியன் பக்கம் திருப்பினால் சூடு ஏறும். சூட்டுக்குப் பயந்து வேறு பக்கம் சாய்த்தால் கரண்ட் போகும். தரைக்கட்டுப்பாட்டு மையத்தில் இருந்தவர்கள் நாள் கணக்கில் அதை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்தே காப்பாற்றி வைத்திருந்தார்கள். மே 25-இல் கான்ராட், கெர்வின், வைட்ஸ் என்ற மூவர் கிளம்பிப் போய், கருவி வைக்கும் சிறிய துவாரம் வழியாகக் குடை மாதிரி மடக்கிய ஒரு துணி நிழலை வெளியே நீட்டி விரித்தார்கள், அப்புறம்தான் உள்ளே மனிதர் இருக்கும்படி ஆனது. ஜூன் 7-இல் கான்ராடும் கெர்வினும் வெளியே போய் மாட்டியிருந்த பட்டையை வெட்டி இறக்கையை விடுவித்தார்கள்.

இன்னொன்று. இப்போதைய விண்வெளி நிலையத்தில் 2010 ஜூலை கடைசியில் அம்மோனியாவைச் சுற்றிவிடும் பம்பு ஒன்று நின்றுபோனது, குளிர்விப்பில் பாதி போயிற்று, பல கருவிகளை அணைக்க வேண்டியதாயிற்று. டக் வீலாக், டிரேசி கால்ட்வெல் டைசன் இருவரும் ஆகஸ்டில் மூன்று தடவை வெளியே போய் ஏறக்குறைய 350 கிலோ எடையுள்ள அந்தப் பம்பு தொகுதியை மாற்றினார்கள். முதல் தடவை குழாய் இணைப்பு கழலாமல் அடம்பிடித்து அம்மோனியாவே கசிந்தது.

இரண்டிலும் நிலைமையை மீட்டது மேலே கை வைத்து வேலை செய்த மனிதர்கள். கணினிச் செயற்கைக்கோளில் ஆள் இருக்க மாட்டார்கள். அதனால் ஒன்று, பம்பு மாதிரி சுழலும் பாகங்களைத் தவிர்த்து, தானாகவே திரவத்தை இழுத்துச் செல்லும் வெப்பக் குழாய்களை முடிந்தவரை பயன்படுத்த வேண்டும். அல்லது கெட்டால் கெடட்டும் என்று நிறைய சிறிய செயற்கைக்கோள்களாகப் பிரித்து அனுப்ப வேண்டும். கூகுள் யோசிப்பது இரண்டாவது வழி, ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் 81 செயற்கைக்கோள்கள் நெருக்கமாகப் பறந்தபடி லேசரால் பேசிக்கொள்ளும் வடிவம் ஒன்றை அவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. சிறியதில் சூடு பயணிக்க வேண்டிய தூரமும் குறைவு.

விண்வெளிக் கதிர்வீச்சில் சிப் கெட்டுப்போகாதா?
— வாசகர், பண்ருட்டி

கெடும், ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. 2017-இல் எச்பிஇ (ஹியூலட் பேக்கர்ட் என்டர்பிரைஸ்) நிறுவனம் சாதாரண சர்வர்களையே விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிப் பார்த்தது, வேலை செய்தன, தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி டிஸ்குகள்தான் வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாயின. கூகுள் தன் சிப்பைப் புரோட்டான் கற்றையில் வைத்துச் சோதித்தபோது முதலில் தடுமாறியது நினைவகப் பகுதி. தப்புக் கணக்கைக் கண்டுபிடித்துத் திருத்தும் மென்பொருளால் இதில் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம். சூட்டை மென்பொருளால் சமாளிக்க முடியாது.

டேட்டா சென்டர்கள் நம் தண்ணீரையும் கரண்டையும் குடிக்கின்றன என்று படிக்கிறோம். எல்லாவற்றையும் மேலே அனுப்பிவிட்டால் நல்லதுதானே? நடக்குமா?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், லாஸ்பேட்டை

ஆசை நியாயமானது. நடக்குமா என்பதற்கு நம் ஊர் அளவை வைத்தே பார்க்கலாம். நெய்வேலியில் புதிய அனல்மின் நிலையம் 1000 மெகாவாட், தலா 500 மெகாவாட்டில் இரண்டு யூனிட். இன்று உலகில் திட்டமிடும் மிகப் பெரிய டேட்டா சென்டர் வளாகங்கள் இந்த அளவோ அதற்கு மேலோ மின்சாரம் கேட்கின்றன. மேலே தம்பிக்குப் போட்ட கணக்கைப் பெருக்கினால், 1000 மெகாவாட்டுக்கு சோலார் பேனல் மட்டும் சுமார் 2.5 சதுர கிலோமீட்டர், ரேடியேட்டர் இரு பக்கக் கணக்கில் 0.8 சதுர கிலோமீட்டர், எந்த இழப்பும் இல்லாத ஏட்டுக் கணக்கிலேயே. இதுவரை மனிதன் மேலே விரித்தவற்றில் பெரியது விண்வெளி நிலையத்தின் பேனல் தொகுதி, ஆரம்பத்தில் இருந்த எட்டு இறக்கைகளும் சேர்ந்து சுமார் 2500 சதுர மீட்டர். நமக்கு வேண்டியது அதைப் போல ஆயிரம். அந்த ஒன்றைக் கட்டவே பல வருடமும் பல ராக்கெட்டுகளும் ஆயின.

ராக்கெட் கட்டணம் 2030-களின் நடுவில் கிலோவுக்கு 200 டாலருக்குக் கீழே இறங்கினால்தான் தரையில் ஆகும் மின்சாரச் செலவோடு ஒப்பிடும் நிலை வரும் என்று கூகுளின் ஆய்வே சொல்கிறது. அவர்கள் முதலில் செய்யப்போவது 2027 தொடக்கத்துக்குள் இரண்டு சோதனைச் செயற்கைக்கோள், அவ்வளவுதான். சீனா 2025 மே மாதம் 12 கணினிச் செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் ஏவியிருக்கிறது. இவையெல்லாம் நல்ல தொடக்கம், ஆதரிக்க வேண்டியவை. ஆனால் 'சீக்கிரமே எல்லாம் மேலே போய்விடும், அதுவரை இங்கே நிலத்தடி நீரை எடுத்துக்கொள்கிறோம்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த பத்து வருடத்துக்கான தண்ணீர்க் கணக்கைத் தரையில் வைத்துத்தான் கேட்க வேண்டும்: குடிநீர் எடுக்கிறார்களா, கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துகிறார்களா, ஆவியாக்காமல் குளிர வைக்கிறார்களா என்று.

அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறார். மேலே கம்ப்யூட்டர் சுற்றினால் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வந்துவிடும்?
— கல்லூரி மாணவி, தேவனாம்பட்டினம்

உங்களுக்குத்தான் முதலில் வரும் என்று நினைக்கிறேன் அம்மா. பெரிய டேட்டா சென்டருக்குக் குறுக்கே நிற்கும் சூட்டுக் கணக்கு, சிறிய கணினிக்குக் குறுக்கே நிற்பதில்லை. ஐரோப்பிய விண்வெளி அமைப்பு 2020 செப்டம்பரில் ஃபை-சாட்-1 என்ற சோதனையை ஒரு குட்டிச் செயற்கைக்கோளில் அனுப்பியது. அதில் இருந்தது இன்டெலின் மிரியாட் 2 சிப், ஒரு வாட் அளவில் ஓடக்கூடியது. கேமரா எடுக்கும் படங்களில் மேகம் மூடியவற்றை அங்கேயே பார்த்து ஒதுக்குவதுதான் வேலை. எந்த நேரத்திலும் பூமியின் மூன்றில் இரண்டு பங்கு மேகத்தால் மூடியிருக்கும், அப்படியானால் எத்தனை வீண் படங்கள் கீழே இறங்காமல் மிச்சமாகும் என்று பாருங்கள். தாழ்வான பாதையில் போகும் செயற்கைக்கோள் ஒரு தரை நிலையத்தின் பார்வையில் இருப்பதே ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் போல. அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாப் படத்தையும் இறக்குவதைவிட, தேவையான விடையை மட்டும் இறக்குவது எவ்வளவோ மேல்.

மீன் கிடைக்கக்கூடிய பகுதி என்று உங்கள் அப்பாவுக்கு வரும் தகவலை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் அமைப்பு தயாரிக்கிறது, கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நீரில் இருக்கும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் படங்களில் பார்த்து. படம் இறங்க வேண்டும், கணக்குப் போட வேண்டும், பிறகு கரைக்கு வர வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் விலகும் கொஞ்ச நேரத்தில் கிடைக்கும் ஒன்றிரண்டு நல்ல படங்களை மேலேயே பிரித்தெடுத்து, வெப்பமும் பச்சையமும் மாறும் விளிம்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் உடனே கீழே சொன்னால், அந்த இடம் நகர்ந்துபோவதற்குள் படகு போய்ச் சேரலாம். இதற்குச் சில வாட் போதும். சில வாட் சூட்டைத் தள்ள ஒரு புத்தக அட்டை அளவு பரப்பு இருந்தால் சமாளித்துவிடலாம், தனியாக ரேடியேட்டர் விரிக்க வேண்டியதில்லை, செயற்கைக்கோளின் வெளித் தகடே அதைச் செய்துவிடும். இந்த மாதிரிக் கணினி இன்றைய ராக்கெட் கட்டணத்திலேயே கட்டுப்படியாகும், நம் கல்லூரிகளில் செய்யக்கூடிய அளவும் இதுதான்.